பிரம்பு கற்பித்தது என்ன?



காந்தலூரில் நம்மவர் நாலு பேர் கூடிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினால், "இப்போது பள்ளியில் அடியே கிடையாது, அதனால்தான் பிள்ளைகள் அடங்குவதில்லை" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியும் கூடவே வரும். இது சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

நான் படித்த பள்ளியில் கணக்குத் தவறினால் பிரம்படி உண்டு. அடிக்குப் பயந்து நான் கற்றது கணக்கை அல்ல; பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவதை. அவன் வராத நாளில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்!

இதன் காரணம் ரயில்வேயில் வேலை பார்த்தபோதுதான் விளங்கியது. கீமேன் என்ற ஊழியர் தினமும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து, தளர்ந்த போல்ட்டையும் விரிசலையும் தேடுவார். ஒருமுறை ஒரு கீமேன், முதல் நாள் தாம் கவனிக்காமல் விட்ட ஒரு விரிசலைத் தாமே வந்து சொன்னார். அதற்காக அவரைத் தண்டித்திருந்தால், அடுத்த விரிசலை யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளும் அப்படித்தான். அடிப்பவர் எதிரில் நிற்கும்வரை தவறு நிற்கும். அவர் நகர்ந்ததும் மறைவாக நடக்கும். "நான் செய்தது சரியா?" என்ற எண்ணம் போய், "யாராவது பார்த்தார்களா?" என்ற எண்ணமே மிஞ்சும். எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதன் பலனும் இதுவே.

சட்டமும் இதை ஏற்றுள்ளது. தமிழ்நாட்டில் 2003-இல் பள்ளிகளில் பிரம்படி தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையை மட்டுமின்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டில் அடிப்பதையும் தடை செய்தது.

ஆனால் பிரம்பை எடுத்துவிட்டால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது. அந்த இடத்தில் பொறுப்பை வைக்க வேண்டும். கேரளம் 2010-இல் 127 பள்ளிகளில் மாணவர் போலீஸ் கேடட் திட்டத்தைத் தொடங்கியது இந்த நோக்கத்தில்தான். உடற்பயிற்சி, அணிவகுப்பு, சட்ட அறிவு, சமூகப் பணி ஆகியவற்றின் மூலம் மாணவர் தாமே ஒழுங்கைப் பழகுகிறார்கள். 2018-இல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை:

1. விதிகள் சிலவே இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே விதி.

2. தண்டனை தவற்றோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். சுவரில் கிறுக்கிய பிள்ளையே அதைத் துடைக்கட்டும்.

3. தவற்றைத் தானே வந்து சொன்னால், முதலில் "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். கண்டிப்பு அதற்குப் பிறகு.

நானும் என் மகனை அடித்தவன்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் தோற்றதை அவன் மூன்று மாதம் மறைத்தான். மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டிருந்தான். அன்று அதற்கும் அடித்தேன். மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நானே என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "பள்ளியில் ஒரு தவறு செய்துவிட்டால், முதலில் யாரிடம் சொல்வாய்?" பதிலில் உங்கள் பெயர் வந்தால் உங்கள் வீட்டில் ஒழுங்கு இருக்கிறது. வராவிட்டால், திருந்த வேண்டியவர் பிள்ளை மட்டுமல்ல.