கவர் பாடல்: காதில் விழுந்ததும் சட்டம் சொல்வதும்

மதுராந்தகத்திலும் செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கரையோர ஊர்களிலும் மெல்லிசைக் குழுக்களில் பாடிவந்தவர்கள் இன்று வீட்டிலேயே பதிவு செய்து யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் கவர் பாடல்களை, அதாவது பிறர் பாடல்களைத் தாங்கள் பாடிய பதிவுகளை, ஏற்றுகிறார்கள். வரவேற்கவேண்டிய மாற்றம் இது. ஆனால் உரிமம் பற்றி அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்ட பேச்சுத்தான். அதனால் பாடியவரின் உழைப்பு வீணாகிறது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டிய பங்கும் சேர்வதில்லை. பரவலான ஐந்து நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

1. ‘படம் வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது, பாட்டு இனி பொதுச்சொத்து.’

கணக்கு படம் வெளியான நாளிலிருந்து தொடங்குவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, படைத்தவர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல். அவர் மெட்டுகளுக்கு 2075 முடியும்வரை. ஒலிப்பதிவுக்கு மட்டும் வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு எண்ணப்படுவதால் குழப்பம் நீடிக்கிறது. எல்லோர் வாயிலும் புழங்கும் பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்ற எண்ணம் அதற்குத் துணைபோகிறது.

2. ‘நானே பாடினேன், இசையமைப்பாளர் பெயரையும் போட்டுவிட்டேன், யார் கேட்கமுடியும்?’

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. நீங்கள் புதிதாகச் செய்த பதிவு உங்களுடையது. வரியும் மெட்டும் அல்ல. பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. மூலப் பதிவிலிருந்து குரலை நீக்கிய மைனஸ் ட்ராக்கின்மேல் பாடினால் ஒலிப்பதிவு உரிமையும் மீறப்படுகிறது. யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற மென்பொருள் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. கீழே ‘உரிமை எனக்கில்லை’ என்று எழுதிவைப்பது அதைத் தடுக்காது. பெரும்பாலும் வீடியோ நீக்கப்படுவதில்லை, விளம்பர வருமானம் மட்டும் உரிமையாளருக்குப் போகிறது. வீடியோ அப்படியே நிற்பதைப் பார்த்து, செய்தது சரிதான் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

3. ‘செயலியில் பணம் கட்டினால் எல்லா உரிமமும் வந்துவிடும்.’

டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோகச் சேவைகள் ஒரு கவர் பாடலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு உரிமம் எடுக்கும் வேலையைச் செய்து தருகின்றன. பயனுள்ள சேவைதான். ஆனால் அது நிற்பது அமெரிக்கச் சட்டத்தின்மேல். அங்கே ஒருமுறை வெளியான பாடலை, அரசு வகுத்த ராயல்டியைச் செலுத்தி யாரும் மீண்டும் பதிவு செய்யலாம். அந்த உரிமம் ஒலிக்கு மட்டுமே. காட்சியோடு சேர்க்கவும், வரிகளை மொழிபெயர்க்கவும் உரிமையாளரின் தனி அனுமதி தேவை.

நம் நாட்டில் 2012 திருத்தம் கொண்டுவந்த 31சி பிரிவு கவர் பாடலுக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழியவேண்டும், முன்னறிவிப்புத் தரவேண்டும், பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்னதாகவே கட்டவேண்டும். சிறிய பாடகர் இதைத் தாங்கமாட்டார். அவருக்கு நடைமுறை வழி, உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்பதுதான். எந்த நாட்டுக்கு, எதற்கு உரிமம் என்று படிக்காமல் பணம் கட்டுகிறவர் பாதி உரிமத்தை முழு உரிமமாக நம்பிவிடுகிறார்.

4. ‘கல்யாணத்தில் பாடினாலும் உரிமக் கட்டணம் உண்டு.’

இது எதிர்ப்பக்கத் தவறு. 52ஆம் பிரிவு மெய்யான சமயச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலத்தையும் திருமணத்தையொட்டிய விழாக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மத்திய அரசும் 2023இல் பொது அறிவிப்பாக இதை நினைவூட்டியது. தெரியாததால், கட்டவேண்டாத பணத்தைப் பலர் கட்டுகிறார்கள். விலக்கு அந்த நிகழ்ச்சியில் பாடுவதற்குத்தான். அதைப் பதிவு செய்து இணையத்தில் விற்பதற்கு இல்லை.

5. ‘கீர்த்தனைக்கும் உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது, விட்டுவிடுவதே நல்லது.’

ஏரி காத்த ராமர் ஊரான மதுராந்தகத்தில் ராமன்மீது தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவருக்குக்கூட இப்படிக் கோரிக்கை வரலாம். யாரோ ஒருவரின் பதிவோடு மென்பொருள் அதைப் பொருத்திவிடுகிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் படைப்புக்கு இன்று எவரும் உரிமையாளர் இல்லை. சொந்தமாகப் பாடி வாசித்த பதிவு என்றால் யூடியூபில் மறுப்புத் தெரிவிக்கலாம்; கோரியவர் 30 நாளில் பதில் சொல்லவேண்டும். கோரிக்கை வேறு, சேனலையே முடக்கக்கூடிய ஸ்ட்ரைக் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணும் அச்சத்தால் சொந்த வருமானத்தை விட்டுக்கொடுக்கிறோம். ஆனால் பழைய கீர்த்தனை என்றாலே எல்லாம் பொது என்றும் எண்ணவேண்டாம்: பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்; அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை காலம் இருக்கிறது.

உரிமம் தேடும் வேலையைச் செயலி சுருக்கித் தரும். உரிமை யாருடையது என்பதை நாம்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு அனுமதிக்கான செலவையும் குழுக் கணக்கில் எழுதும் வழக்கம் நம்மிடம் வரவேண்டும். நாளை மதுராந்தகத்தில் ஒருவர் இசையமைக்கும் பாட்டை வேறு ஊர்க்காரர் பாடி விற்கும்போது, இசையமைத்தவருக்குரிய பங்கை வாங்கித் தரப்போவதும் இதே சட்டம்தான்.