காண்டஸாவுக்கு எந்த என்ஜின்?

இந்தியாவில் தயாரான பழைய கார்களில் ஸ்போர்ட்ஸ் காரின் சாயல் உள்ளவற்றில் ஒன்று காண்டஸா. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் அதைக் கொண்டுவந்தது. நீளமான பானெட், தாழ்ந்த உடல், பின்சக்கர இயக்கம் என்று அந்த வண்டிக்குத் தனிக் கம்பீரம் உண்டு. 2002-ல் உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று கம்பெனியிலிருந்து புது என்ஜின் வாங்க வழியில்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு காண்டஸாவை மறுபடி சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கிற என்ஜினையே இறக்கிப் புதுப்பிப்பது, அதே வகைப் பழைய என்ஜின் ஒன்றை வாங்குவது, பிற்காலக் காண்டஸாவில் வந்த இசுசு என்ஜினைப் பொருத்துவது, வேறு கம்பெனியின் நவீன என்ஜினை ஏற்றுவது. இந்த வரிசையிலேயே யோசிக்க வேண்டும் என்பது என் வாதம். குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகம், லேத் பட்டறை, வண்டி ஓடப்போகும் சாலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

என்ஜின் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் அது உண்மையா என்று பார்த்துவிடுவது நல்லது. என்ஜினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கோளாறு கார்புரேட்டரிலோ இக்னிஷனிலோ இருக்கலாம். ஒரு சிலிண்டரில் அளவு குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றி முடிக்கக்கூடிய வேலைக்கு முழு என்ஜினையே மாற்றுவது வீண் செலவு.

முதல் வழியை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் அந்த என்ஜினின் பிறப்பிலேயே இருக்கிறது. தொடக்கக் காலக் காண்டஸாவில் இருந்தது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ். 1955-ல் பிரிட்டனில் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பத்து என்ஜினோடுதான் வந்தது. நமக்கு அதைவிட முக்கியம், அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியதும் இதே குடும்பம் என்பது. அதனால் காவிரி டெல்டாவின் மூத்த மெக்கானிக்குகளுக்கு இது கைப்பழக்கமான என்ஜின். சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்பதால் சிலிண்டரைப் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், கிராங்கை கிரைண்டிங் செய்து புது பேரிங் போடலாம். என்ஜினைப் பிரித்த நேரத்திலேயே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துவிட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தை நம்பியிருந்த எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் அது இல்லாமல் தேயும், ஆகவே கடின உலோக சீட் பொருத்த வேண்டும். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துள்ள 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

லேத் வேலைக்குச் செலவும் காத்திருப்பும் அதிகம், சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ ஒரு பழைய என்ஜினை வாங்கி மாட்டினால் சீக்கிரம் முடியும் என்று ஒரு வாதம் உண்டு. பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, போர் செய்ய இனி இடமில்லாதபடி தேய்ந்திருந்தாலோ அது சரியான வழிதான். மற்ற நேரங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத என்ஜின் கடைசியில் அதே லேத் பட்டறைக்குத்தான் போய்ச் சேரும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், கிராங்க் கையால் சுற்றுகிறதா, ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா, என்ஜின் எண் தேய்க்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில்லும் பழைய வண்டியின் ஆவண நகலும் கேட்டு வாங்குங்கள். அம்பாசடர் என்ஜின் என்றால் சம்பையும் மவுன்டிங்கையும் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, என்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்றாவது வழியின் கவர்ச்சியை மறுக்க முடியாது. அவ்வளவு கனமான காருக்கு 1489 சிசி போதவில்லை என்பதை உணர்ந்துதான் கம்பெனியே 1817 சிசி இசுசு பெட்ரோல் என்ஜினை ஐந்து கியர் பெட்டியோடு கொண்டுவந்தது. ஆனால் பழைய காண்டஸாவில் அதை ஏற்ற என்ஜின் மட்டும் போதாது. கியர் பெட்டி, மவுன்டிங், புரொபெல்லர் ஷாஃப்ட் என்று வேலை நீளும், ஆர்.சி.யில் உள்ள சிசி அளவும் மாறிவிடும். உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இசுசுவின் வேகம்தான் வேண்டும் என்றால், பிறக்கும்போதே இசுசுவோடு வந்த ஒரு காண்டஸாவைத் தேடி வாங்குவதே நேர்வழி.

நவீன என்ஜின் ஏற்றினால் மைலேஜும் நம்பகமும் கூடும் என்பவர்களுக்கும் இதே சட்டம் தடையாக நிற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் கொண்டு சிஎன்ஜி, மின்சாரம் போன்ற வேறு எரிசக்திக்கு மாற்ற மட்டுமே சட்டம் தனியாக இடம் தருகிறது. ஆர்.சி.யோடு பொருந்தாத என்ஜின் இருந்தால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிலும் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரும். 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, என்ஜினும் உடலும் அசல் வடிவில் இருக்கும் சொந்த வண்டிகளுக்கே விண்டேஜ் பதிவு கிடைக்கும். முதல் காண்டஸாக்கள் 2034-ல் அந்த வயதைத் தொடுகின்றன. இன்று வேறு என்ஜினை ஏற்றுபவர் அந்த மதிப்பைத் தன் கையாலேயே அழிக்கிறார்.

வேகம் குறைந்த என்ஜினை ஏன் கட்டி அழ வேண்டும் என்ற கேள்விக்கு டெல்டாவின் நிலமே பதில். இங்கே மலை ஏற்றம் கிடையாது. திருவையாறு, பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்து வாய்க்கால் கரைச் சாலைகளில் பெரிய வேகத்துக்கு இடமும் இல்லை. இந்தச் சாலைகளில் பழைய என்ஜினுக்கு உண்மையான எதிரி சூடுதான். சம்பா அறுவடைக் காலத்தில் வைக்கோல் துணுக்கும் பதரும் ரேடியேட்டரை அடைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு நீரை ஊற்றினால் உள்ளே துருவும் காறையும் படியும். ஆகவே கூடுதல் குதிரைத்திறனுக்குச் செலவிடும் பணத்தை ரேடியேட்டரைச் சுத்தம் செய்யவும், புது வாட்டர் பம்ப்புக்கும், நல்ல நீரில் கலந்த கூலன்ட்டுக்கும் செலவிடுங்கள். கம்ப்ரஷன் அளந்து, பிளாக்கில் விரிசல் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, உங்கள் வண்டியோடு பிறந்த என்ஜினையே புதுப்பியுங்கள். அது முடியாதபோது மட்டும் அதே வகை என்ஜினைத் தேடுங்கள்.