எளிய வேலையும் நெடிய எந்திரமும்

நுழையும்முன்

வேலையை எளிதாக்குவதே கருவியின் பயன். வேலையைச் சிக்கலாக்கும் கருவிகளை வரைந்து உலகைச் சிரிக்க வைத்தார் ஓர் ஓவியர். அச்சிரிப்பில் மறைந்துள்ள வினாவை, வைகை அணைக்கு நீர் வந்துசேரும் வழியோடு பொருத்திக் காட்டுகிறது இப்பாடம்.

நீரின் நெடும்பயணம்

மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, 1895ஆம் ஆண்டு பென்னிகுவிக்கின் முயற்சியால் கிழக்கே திருப்பப்பட்டது. முல்லைப்பெரியாறு அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகத்திற்கு வருகிறது. பெருங்குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. வைரவனாறு, சுருளியாறு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வைகையில் சேர்கிறது. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி மேலூர்ப் பகுதி வரை செல்கிறது. சங்கிலி நெடியதுதான், ஆயினும் அதில் வீணான கண்ணி இல்லை. சுரங்கம் இல்லையேல் நீர் மலையைக் கடக்காது. அணை இல்லையேல் மழைநீர் பயிருக்கு வேண்டும் காலம்வரை நில்லாது.

பொறியாளர் ஓவியரானார்

இதற்கு நேர்மாறான சங்கிலிகளை வரைந்தவர் அமெரிக்கக் கருத்துப்பட ஓவியர் ரூப் கோல்ட்பர்க். 1883ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், பொறியியல் பயின்று 1904இல் பட்டம் பெற்றார். முதலில் அவர் பணியாற்றியதும் நகரத்தின் நீர், கழிவுநீர்த் துறையில்தான். சில மாதங்களிலேயே அப்பணியை விட்டு நாளிதழ் ஓவியரானார்.

வாய் துடைக்க ஒரு வாணவெடி

உண்பவரின் வாயைத் தானாகத் துடைக்கும் எந்திரம் அவருடைய புகழ்பெற்ற படம். கரண்டியை உயர்த்தினால் கயிறு இழுபடும், அகப்பை ஒன்று ரொட்டித்துண்டை வீசும், கிளி அதன்மேல் பாயும், கிளி இருந்த கட்டை சாய்ந்து விதைகள் வாளியில் கொட்டும், வாளியின் எடை கயிற்றை இழுக்கத் தீமூட்டி எரியும், வாணவெடி சீறும், அதனோடு கட்டிய அரிவாள் கயிற்றை அறுக்கும், இறுதியில், துணி கட்டிய ஊசல் ஆடி வாயைத் துடைக்கும்! கையை உயர்த்தினாலே முடியும் வேலை இது. தேவையின்றிச் சிக்கலான எதனையும் குறிக்கும் சொல்லாக அவர் பெயரே ஆங்கில அகராதியில் ஏறியது.

வங்கத்துச் சிற்றப்பா

இந்தியாவிலும் இத்தகைய நகைச்சுவை மலர்ந்தது. அறிவியல் பயின்ற வங்கக் கவிஞர் சுகுமார் ராய், 1923இல் வெளிவந்த ‘ஆபோல் தாபோல்’ நூலில் சிற்றப்பா ஒருவரின் பொறியைப் பாடி, படமும் வரைந்தார். தோளில் மாட்டிய அப்பொறி, சுவையான உணவை முகத்தின் முன்னே தொங்கவிடும். எட்டாத அவ்வுணவை எட்டிப்பிடிக்கவே மனிதன் விரைந்து நடப்பான்!

சிரிப்பின் மறுபக்கம்

கோல்ட்பர்க்கின் கிளியும் வாளியும் பிழைத்தால், வாய் துடைபடாது, அவ்வளவே. ஆனால் மனிதன் ஆக்கிய கருவியே மனிதனை அழிக்குமானால்? அணுகுண்டின்மேல் ஒரு குடும்பத்தின் வீடு. குண்டோ அழிவுப் பள்ளத்தின் விளிம்பில் தள்ளாடுகிறது. இப்படத்திற்காக 1948இல் அவருக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. கிளியை வரைந்த கையே இதனையும் வரைந்தது.

நெடியது என்பதனால் ஒரு கருவி இழிந்ததாகாது. குறியது என்பதனால் உயர்ந்ததும் ஆகாது. யாருக்காக, எதற்காக என்பதே உரைகல். மலைக்கு அப்பாலிருந்து வரும் நீர் ஒவ்வொரு கண்ணியையும் கடந்து வயலில் பாயும்போது, அவ்வினாவிற்கு நெற்கதிரே விடையாகிறது.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலுள்ள கருவி ஒன்றின் செயலைப் படிப்படியாக எழுதி, அதில் நீக்கக்கூடிய படி உண்டா எனக் கலந்துரையாடுக.
2. கரும்பலகையைத் துடைக்கும் வேடிக்கை எந்திரம் ஒன்றை வரைந்து விளக்குக.