நாளுக்கொரு பாட்டு: ப்ளூஸ், ராக் இசை கேட்கப் பழகுவோம்

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் பாட்டு விஷயமாக ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் கேட்பது பெரியவர்களுக்கு இரைச்சல். பெரியவர்கள் கேட்பது பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து. வித்துராவில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இந்தக் கோடை விடுமுறையில் என் மகன் ஒரு கிடார் வாங்கிக்கொண்டான். அவன் வாசிக்க முயன்றதெல்லாம் ஆங்கில ராக் பாட்டுகள். நானோ கல்லூரி நாட்களில் திருவனந்தபுரத்தில் நண்பர்களிடம் இரவல் வாங்கிய ஒலிநாடாக்களில் ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவன். அவன் வாசிப்பதற்கெல்லாம் தாய்வீடு அந்த ப்ளூஸ்தான் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாளுக்கு ஒரு பாட்டு. கொண்டுவருபவர் அது தனக்கு ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். அதில் காது வைத்துக் கேட்க வேண்டிய ஒரு இடத்தையாவது காட்ட வேண்டும். மூன்றாவது ஆளாக என் தாயாரும் இருந்தார். பேரனுக்கு ஆச்சி. இங்கிருந்து மலையேறிப் போனால் வரும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் இளமையில் கொழுந்து கிள்ளியவர். "என்ன எழவு பாட்டோ" என்று சொல்லிக்கொண்டே கதவோரம் உட்கார்ந்திருப்பார்; எழுந்தும் போகமாட்டார்.

அந்த ஒரு வாரத்தில் மகனுக்குச் சொன்னவற்றையே இங்கே பாடமாக எழுதுகிறேன். பாட்டு வரிகளை எழுதவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு இதைப் படித்தால் போதும்.

முதல் நாள் நான் தேர்ந்தெடுத்தது பெஸ்ஸி ஸ்மித் 1925-இல் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. இதை இயற்றிய டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் அச்சிட்டு வெளியிட்டார். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1903 வாக்கில், மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சிறு ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பின மனிதர் கத்தியைக் கிடார் தந்தியின் மேல் இழைத்துப் பாடியதைக் கேட்டுத் திகைத்துப் போனதாக ஹேண்டி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதர்தான் இந்த இசைக்கு நம் அகத்தியர் மாதிரி. பெஸ்ஸியின் பதிவில் பக்கவாத்தியம் இரண்டே. ஒன்று லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட். மற்றொன்று, நம்புவீர்களா, நம் பஜனை மடத்து ஆர்மோனியம்!

இந்தப் பாட்டின் முதல் பகுதியை வைத்து ப்ளூஸின் கட்டமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். நான்கு எண்ணிக்கை ஒரு கட்டம். அப்படிப் பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்தது ஒரு சுற்று. மொத்தம் 48 எண்ணிக்கை. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்கள் எட்டு எட்டாக ஆறு ஆவர்த்தனம் போட்டால் ஒரு சுற்று முடிந்துவிடும். இந்தப் பன்னிரண்டும் மூன்று அடிகளாகப் பிரியும். முதல் அடியில் ஒரு செய்தி. இரண்டாம் அடியில் ஏறக்குறைய அதே செய்தி மறுபடியும். மூன்றாம் அடியில் அதற்கு விடை, அல்லது ஒரு குத்தல்.

கிடாரில் இதற்கு மூன்றே அடித்தளங்கள் போதும்: ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம். முதல் நான்கு கட்டம் ஷட்ஜத்தில். அடுத்த நான்கில் இரண்டு மத்திமம், இரண்டு ஷட்ஜம். கடைசி நான்கில் பஞ்சமம் ஒன்று, மத்திமம் ஒன்று, மீண்டும் ஷட்ஜம் இரண்டு. இதை விரல்விட்டு எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகளின் சாவி கையில் கிடைத்த மாதிரி. இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடியிலும் பாடகர் பாதி நேரம்தான் பாடுவார். மீதியை வாத்தியத்துக்கு விட்டுவிடுவார். ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்றுச் சொல்வது. கும்மியிலும் ஒப்பாரியிலும் நாம் கேட்காததா?

இரண்டாம் நாள் பி. பி. கிங் பாடிய 'தி த்ரில் இஸ் கான்'. ராய் ஹாக்கின்ஸ் 1951-இல் பாடியதை இவர் 1969-இல் தமதாக்கிக்கொண்டார். வீட்டில் கர்நாடக சங்கீதம் கற்கும் பெண் குழந்தை இருந்தால் இந்தப் பாட்டைக் கேட்கச் சொல்லி, கிடார் எந்த ராகத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். சுத்த தன்யாசி என்று சொல்ல வாய்ப்புண்டு. ச க ம ப நி. சாதாரண காந்தாரம், கைசிக நிஷாதம். ராக் கிடார் பழகுபவர்கள் முதலில் கற்கும் ஐந்து சுர வரிசையும் இதுவே. ஆனால் ப்ளூஸ் காந்தாரம் சாதாரணத்திலும் நிற்காது, அந்தரத்திலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். அதனால்தான் பியானோக்காரர்கள் இரண்டு கட்டைகளையும் அடுத்தடுத்து உரசி அடிக்கிறார்கள். கிடார்க்காரருக்கோ தந்தியை வளைத்தால் போதும். பி. பி. கிங் ஒரு சுரத்தைப் பிடித்து இடது கையால் நடுக்கும் இடத்தில் மகனை நிறுத்தி, "இது கமகம்தானே?" என்றேன். அவன் ஒப்புக்கொள்ள அன்றைக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் முறை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டான். நான் பதிலுக்கு, அந்தக் குழு 1962-இல் தன் பெயரையே கடன் வாங்கிய பாட்டைப் போட்டேன். மடி வாட்டர்ஸ் 1950-இல் பாடிய 'ரோலிங் ஸ்டோன்'. ஒரு குரல், ஒரு மின்சாரக் கிடார். வேறு ஒன்றும் இல்லை.

இந்த மனிதரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மடி வாட்டர்ஸின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனாலும் அங்கே குத்தகைக் கணக்கை எழுதுபவர் முதலாளி, கடையும் முதலாளியுடையது, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய கதை உங்களுக்கு நினைவு வரலாம். எனக்கும் வந்தது. இருந்தாலும் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. விற்கப்பட்டவர் வேறு, கடன்பட்டவர் வேறு. ஒத்துப்போவது தோட்டம் என்ற இடமும், வேலையின் அலுப்பைப் பாட்டில் இறக்கிவைத்த வழக்கமும்.

1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியுடன் அந்தத் தோட்டத்துக்கு வந்தார். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க் உடன் வந்தார். மடி பாடினார். பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது தம் குரலைத் தாமே முதல்முறையாகக் கேட்டார். தாமும் ஒரு பாடகர்தான் என்ற உறுதி அப்போதுதான் பிறந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, 1943-இல், சிகாகோவுக்கு ரயிலேறினார். நகரத்து மதுக்கடைச் சந்தடியில் சாதாரணக் கிடார் காதில் விழாது. அதனால் மின்சாரக் கிடாருக்கு மாறினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இங்கிலாந்துப் பையன்கள் ராக் குழுக்கள் தொடங்கினார்கள். ஊர்விட்டு ஊர் போனவன் பாட்டு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாளை விரைவாகவே கடந்தோம். ராபர்ட் ஜான்சன் 1936-இல் பாடிய 'கிராஸ் ரோடு ப்ளூஸ்', அதையே கிரீம் குழு 1968-இல் மேடையில் மின்னல் வேகத்தில் வாசித்தது. ஜான்சன் 27 வயதில் இறந்தவர். பதிவான பாட்டுகள் 29 மட்டுமே. கூடவே பிக் மாமா தார்ன்டன் பாடி 1953-இல் வெளிவந்த 'ஹவுண்ட் டாக்'கையும், எல்விஸ் பிரெஸ்லியின் 1956 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். உலகம் நினைவில் வைத்திருப்பது பிரெஸ்லியை. மகன் யோசிக்காமல் "தார்ன்டன்தான் மேல்" என்றான். எனக்குத் திருப்தி.

ஐந்தாம் நாள் அவன் கொண்டுவந்தது லெட் செப்பெலின் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (1971). தொடக்கத்து டிரம்ஸ் சத்தத்துக்காகவே அவனுக்கு அது பிடிக்குமாம். அந்த முழக்கம் வந்த விதம் சுவையானது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பங்களாவில் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டில் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். படிக்கட்டு முழுக்க எதிரொலி. ஆனால் பாட்டு அவர்களுடையது அல்ல. மெம்பிஸ் மின்னியும் அவர் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிந்தது. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்து ஊர்களை மூழ்கடித்தது. வெள்ளத்தில் வீடிழந்த கறுப்பின மக்களைக் கரைமேட்டிலேயே நிறுத்திவைத்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். அந்த வெள்ளத்தின் பாட்டு இது. இரண்டு பதிவுகளையும் கேளுங்கள். பழையதில் இரண்டு கிடார்கள் துள்ளி நடக்கின்றன. துன்பத்தைத் துள்ளலாகச் சொல்லும் விந்தை அதில் இருக்கிறது. புதியதில் ஆறே வருகிறது.

அன்றைக்குத்தான் என் தாயார் முதல்முறையாக வாய் திறந்தார். "இது வெள்ளப் பாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேரளத்தில் வாழும் நமக்கு வெள்ளம் கதையல்ல. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், வந்த பெருவெள்ளத்தை இங்கே இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மூணாறு மலை ரயிலையே அது அடித்துக்கொண்டு போனது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நாமே பார்த்தோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அம்மா அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நாங்கள் அடுத்த பாட்டுக்குப் போகாமல் அன்றைய கச்சேரியை முடித்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் சொற்களே இல்லாத பாட்டு. பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற பார்வையற்ற பாடகர் 1927-இல் பதிந்த 'டார்க் வாஸ் தி நைட், கோல்டு வாஸ் தி கிரவுண்ட்'. வெறும் முனகல், கிடார் தந்தியின் மேல் இழைப்பு. 1977-இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய வாயேஜர் கலங்களில் பூமியின் ஒலிகளை வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இதுவும் இருக்கிறது. நம் கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதே தட்டில் இருக்கிறது. தும்பா ராக்கெட் தளம் இருக்கும் மாவட்டத்துப் பையனுக்கு இது போதுமான காரணம். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம்.

ஏழாம் நாள் மகன் என்னை ஆச்சரியப்படுத்தினான். திருவனந்தபுரத்தில் உருவான அவியல் குழு 2008-இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து 'ஆடு பாம்பே'. மின்சாரக் கிடாரும் டிரம்ஸும் முழங்க, சொற்கள் ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து வருகின்றன. செம்பழந்தியில் பிறந்த குரு (1856-1928) தமிழும் கற்றவர். தமிழில் பதிகங்கள் பாடியவர். நாகர்கோவில் பக்கத்து மருத்துவாமலையில் தவம் இருந்தவர். பாம்பை ஆடச் சொல்லிப் பாடும் மரபு நம் பாம்பாட்டிச் சித்தரிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். சித்தரிடமிருந்து குருவுக்கு, குருவிடமிருந்து ராக் மேடைக்கு! தமிழ் காதில் விழுந்ததும் அம்மாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலையாளம்தான், ஆனாலும் புரிந்தது.

பாட்டு முடிந்ததும் மகன் கேட்டான்: "ஆச்சி, தோட்டத்துல நீங்க பாடுனதெல்லாம் யாரு எழுதி வச்சா?"

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) என்ற எழுத்தாளர் தோட்டத்து மக்களின் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். லோமாக்ஸ் செய்ததற்கு நிகரான வேலை அது. போனக்காட்டில் அம்மாவின் லயத்துக்கு அப்படி ஒருவர் வந்ததில்லை. தோட்டம் நொடித்து, தொழிற்சாலை நின்று, பலர் இறங்கிப் போய்விட்டார்கள். "அதெல்லாம் ஒரு பாட்டா, கங்காணியை ஏசுனது" என்று அம்மா மழுப்பினார். உண்மையில் அவருக்கு வெட்கம். கூடை சுமந்த காலத்தைப் பேரன் முன்னால் எடுக்க அவர் விரும்பியதில்லை. நானும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டதில்லை. நாற்பது வருஷம் மிசிசிப்பித் தோட்டத்துப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்ட எனக்கு, பதினைந்து மைல் தொலைவிலுள்ள தோட்டத்துப் பாட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் மழை. மின்சாரம் போய்விட்டது. மகன் சும்மா கிடாரில் அந்த ஐந்து சுரத்தையே தடவிக்கொண்டிருந்தான். அம்மா இருட்டில் மெல்ல ஆரம்பித்தார். நிரை பிடித்து நிற்கும் பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொடுக்கும் பாட்டு. முதல் அடியைப் பாடினார். மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டிய இடத்தில் ஆளில்லாததால் அதையே தாமே மறுபடியும் பாடினார். மகன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றாவது அடி வரவில்லை. இரண்டு முறை தொடக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். வரவில்லை.

"முத்தம்மாதான் அதை முடிப்பா" என்றார். முத்தம்மா இறந்து வெகு காலமாகிறது. "விடுல, காலையில ஞாபகம் வரும்" என்று எழுந்து படுக்கப் போனார். மகன் அன்றிரவு தன் கைப்பேசியின் ஒலிப்பதிவை அமர்த்தாமலே அவர் கட்டிலருகே வைத்துவிட்டு வந்தான்.