பழஞ்சுவரும் சுண்ணாம்புச் சாந்தும்

வீட்டின் ஆயுள் கல்லில் மட்டுமன்று, கல்லைப் பிணிக்கும் சாந்திலும் தங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையிற் சீமேந்துத் தொழிற்சாலை தோன்றுமுன் வன்னியில் எழுந்த கல்வீடுகள் பல சுண்ணாம்புச் சாந்தாற் கட்டப்பட்டவை. 2009இல் போர் ஓய்ந்தபின், எஞ்சிய அத்தகைய சுவர்களைச் செப்பனிடுவோர் சீமேந்தையே நாடுவதைக் காண்கின்றோம். அது பொருந்துமா என ஆராய்வோம்.

செங்கல்லும் சுண்ணாம்பும் மாரியில் ஈரத்தை உறிஞ்சிக் கோடையில் வெளிவிடும் இயல்பின. சீமேந்தோ இறுகி அவ்வழியை அடைத்துவிடும். வழியற்ற ஈரம் செங்கல்லினூடே வெளியேறும். அதனோடு வரும் உப்புப் பளிங்காகிக் கல்லை உதிர்க்கும். ஆதலால், சாந்து கல்லினும் மென்மையாயிருத்தல் வேண்டும். தேய்ந்த சாந்தை மாற்றலாம். கல்லை மாற்றுதல் அரிது.

செய்முறை வருமாறு: முதலிற் கூரை ஒழுக்கையும் நிலத்தீரத்தையும் தடுத்தல் வேண்டும். பின், பொருத்துகளில் உதிர்ந்த சாந்தை ஏறத்தாழ ஓரங்குலம் அகழ்ந்து, நீர் தெளித்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பற்ற மணல் கலந்து நிரப்புக. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லவே இறுகும்; ஆகவே ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரமேனும் காத்தல் நன்று.

இடம்பெயர்ந்து மீண்டோர்க்கு எஞ்சிய சுவர் முன்னோர் விட்ட முதுசொம். விரைவு கருதி அதனை நாம் இழவாதிருப்போமாக.