பணப்பெட்டியின் சாவி நம் கையில்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள சந்தவாசல் போன்ற ஊர்களிலும் இன்று கைபேசி அன்றாடக் கருவியாகிவிட்டது. பால் விற்ற பணமும் அரசின் உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் நேரே சேருகின்றன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யூ.பி.ஐ. முறையால், கடைத்தெருவிலும் கைபேசி வழியே பணம் செலுத்துகிறோம். வசதியோடு வஞ்சகமும் வளர்ந்துள்ளது. முற்காலத் திருடன் பூட்டை உடைத்தான். இக்காலத் திருடனோ பெரும்பாலும் நம்மிடமிருந்தே சாவியை வாங்கிக்கொள்கிறான். ஆதலால் நாம் கைவிட வேண்டிய பழக்கங்கள் சிலவற்றை இங்கே காண்போம்.

முதலாவது, ரகசிய எண்ணைப் பிறர் அறியச் செய்தல். "வங்கியிலிருந்து பேசுகிறோம், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கூறுங்கள்" என்போரை நம்பலாகாது. வங்கிகள் அவ்வாறு கேட்பதில்லை. ஏ.டி.எம். அட்டையின் உறையில் எண்ணை எழுதி வைப்பதும் தவறு.

இரண்டாவது, பணம் வருமென்று எண்ணி ரகசிய எண்ணை அழுத்துதல். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. நிலக்கடலைக்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒருவர் கியூ.ஆர். படம் அனுப்பி, ரகசிய எண்ணை இடச் சொன்னால், அது நம் பணத்தைப் பறிக்கும் சூழ்ச்சியே.

மூன்றாவது, கேட்டபோதெல்லாம் கைரேகை வைத்தல். ஆதார் வழியே பணம் பெறும்போது ரேகையே நம் கையொப்பமாகும். "பதியவில்லை, மீண்டும் வையுங்கள்" என்றால், முதல் முறையிலேயே பணம் கழிந்துவிட்டதா என்று விசாரித்து, ரசீதும் பெறுதல் வேண்டும். வேண்டாத காலத்தில் ஆதார் ஆணையத்தின் செயலி மூலம் ரேகையைப் பூட்டி வைக்கவும் இயலும்.

நான்காவது, ஏமாந்ததை வெட்கத்தால் மறைத்தல். இதுவே எல்லாவற்றினும் கேடு விளைப்பது. பறிபோன பணம் பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றப்படுகிறது. அதற்குள் புகார் சென்றால் அதனைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. ஆகவே உடனே 1930 என்னும் எண்ணுக்கும் நம் வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். கவனக்குறைவால் வந்த இழப்பாயினும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நிகழும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டுமென ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டில் விதித்தது. தாமதித்தால் நட்டம் நம்முடையதே.

படித்த இளைஞர்கள் இவற்றை வீட்டு முதியோர்க்கு விளக்குதல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் கூட்டங்களில் ஒரு பொழுதை இதற்கென ஒதுக்கலாம். உழைத்து ஈட்டிய பொருளைக் காப்பதும் கிராம முன்னேற்றத்தின் ஒரு பகுதியே அன்றோ!