பாதத்தை விட்டுவிட்டுக் காலைக் கட்டாதீர்கள்

நைட் டூட்டி முடிகிற காலை ஏழரை மணி. மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி வார்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூனிபார்ம் பேன்ட்டுக்குள் கறுப்பு ஸ்லீவ், விளையாட்டு வீரர்கள் கெண்டைக்காலில் மாட்டிக்கொள்வார்களே, அது. கணுக்காலுக்குச் சற்று மேலே அது முடிகிற இடத்தில் கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி ஒரு பள்ளம். அதற்குக் கீழே புறங்கால் பன்னாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி நிரம்ப நேரமாயிற்று.

"யாரு இதை வாங்கச் சொன்னது?"

"ஹாஸ்டல்ல எல்லாரும் இதான் மேம் போடுறாங்க. கால் வலிக்காதுன்னாங்க."

அதே வாரம் இன்னொரு பெண். அவளுக்குச் சொன்னது தோழிகள் இல்லை, அம்மா. தொடை வரைக்கும் ஏறும் ஸ்டாக்கிங்ஸை, இருப்பதிலேயே அழுத்தம் கூடியதாகப் பார்த்து வாங்கி அனுப்பியிருந்தார். 'காசைப் பாக்காம வாங்கியிருக்கேன், கழட்டாமப் போடு' என்று போனில் உத்தரவு. பதினோரு மணிக்குள் அது தொடையிலிருந்து உருண்டு இறங்கி முழங்கால் மடிப்பில் வளையமாக இறுக்கிக்கொண்டது. அம்மா மனசு நோகக்கூடாது என்று அந்தப் பெண் அதோடுதான் நாள் முழுக்க நின்றாள்.

இருபத்தாறு வருடங்களாக நர்சிங் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் வார்டில் நின்றே காலம் போனது. இரண்டாவது பிரசவத்திலிருந்து என் இடது காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நரம்பு என்று நாம் சொல்வது வழக்கம்தான். உண்மையில் அது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், சிரை. ரத்தம் கீழே இறங்கிவிடாதபடி உள்ளே வால்வுகள் இருக்கின்றன. அவை தளர்ந்துபோனால் ரத்தம் தேங்கிக் குழாய் புடைத்து நெளிகிறது. நிற்கிற பிழைப்பு அதை மோசமாக்கும். ஜவுளிக்கடைப் பெண்கள், பரோட்டா மாஸ்டர், பஸ் கண்டக்டர், வாத்தியார், நாங்கள் எல்லாம் ஒரே கட்சி. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கால் உறையும் சுருண்ட நரம்பை நேராக்காது. கனத்தையும் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், லேசர் போன்ற சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்கு மட்டுமே ஸ்டாக்கிங்ஸைச் சிகிச்சையாகக் கொடுங்கள் என்கிறது. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்தாலோ, புண் வந்தாலோ கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை நோயாளிகளும் புகை பிடிப்பவர்களும், காலுக்கு இறங்கும் ரத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது. இறங்குகிற ரத்தமே குறைவாக இருக்கும் காலை இறுக்கினால் விரலே போகலாம். மரத்துப்போன காலுக்கு இறுக்குவதே தெரியாது.

வீட்டில் கிடக்கும் கிரேப் பேண்டேஜ் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதைச் சீரான இழுப்பில் சுற்றக் கை பழகியிருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் தளர்ந்தும் போகும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மாட்டிவிடும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் படுத்திருக்கும் நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருப்பதற்காகச் செய்தது. கணுக்காலில் 18 மி.மீ. பாதரச அளவுதான் அதன் அழுத்தம். அப்பாவுக்குப் போட்டது சும்மாதானே இருக்கிறது என்று மகள் எடுத்து மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போவதில் அர்த்தமில்லை. இடுப்பு வரை வரும் ஸ்டாக்கிங்ஸைப் பற்றி நம் ஊர் மே மாதத்தில் பேசவே வேண்டாம்.

ஸ்லீவைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஸ்டாக்கிங்ஸ் எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைக் கோளாறு. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி அடங்குவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழத்தில் அதிகமாக அழுத்தும், மேலே வரவரக் குறைவாக அழுத்தும். பாதத்தில் அதிகம், முழங்காலில் குறைவு. அந்தத் தண்ணீரைத் துணியில் கொண்டுவர முயன்றதில்தான் 1950 வாக்கில் இன்றைய ஸ்டாக்கிங்ஸ் பிறந்தது. கிணற்றில் இறங்கி நின்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இப்போது ஸ்லீவைப் பாருங்கள். பாதமும் குதிகாலும் வெளியே. அழுத்தம் எங்கே உச்சத்தில் இருக்க வேண்டுமோ அந்தக் கணுக்காலில் துணி முடிந்துவிடுகிறது. பல ஸ்லீவ்களில் மேலும் கீழும் ஒரே இறுக்கம், சிலதில் கெண்டைச் சதையில்தான் இறுக்கமே அதிகம். மேலிருந்து பிதுக்கிய நீர் எங்கே போகும்? இறுக்கமில்லாத பாதத்துக்குத்தான் இறங்கும். அந்த மாணவியின் புறங்காலில் நான் பார்த்தது அதுதான். ஒரு மணி நேரம் ஓடுகிற ஆளுக்கு வீக்கமும் இல்லை, கெண்டைச் சதையும் விடாமல் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இது சரியாக இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற நர்ஸ் கதை வேறு. நானும் ஒரு கோடையில் செருப்பு போட வசதி என்று இதை வாங்கினேன். நான்காவது நாள் செருப்பு வாருக்குள் கால் நுழையவில்லை. பெட்டியில் ஓடுகிற படம் இருந்தது, அழுத்தம் எத்தனை என்ற எண் எங்கேயும் இல்லை. எண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். தள்ளுபடி என்றாலும், வார்டு முழுக்கப் போட்டிருந்தாலும் வேண்டாம்.

எண் இருக்கிற பெட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கிளாஸ் 2' என்றால் ஜெர்மன் கணக்கில் 23 முதல் 32 மி.மீ., பிரிட்டிஷ் கணக்கில் 18 முதல் 24. பெயர் ஒன்று, இறுக்கம் வேறு. கிளாஸைப் பார்க்காமல் மி.மீ. எண்ணைப் பாருங்கள். புடைப்பில்லாமல் கால் கடுப்பு மட்டும் என்றால் 15–20 போதும். நரம்பு தெரிந்து சாயங்காலம் வீக்கமும் வருகிறது என்றால் டாக்டரைக் கேட்டு 20–30. முப்பதுக்கு மேல் அவர் எழுதிக்கொடுக்காமல் வேண்டவே வேண்டாம். கூடுதல் இறுக்கம் கூடுதல் குணம் தராது. மாட்ட முடியாமல் அலமாரியில் கிடக்கும்.

எதைத்தான் வாங்குவது என்று கேட்டால் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடிகிற, குதிகால் மூடிய, விரல்கள் மட்டும் திறந்த ஸ்டாக்கிங்ஸ் என்பேன். இதில் என் சாய்வு இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் வேர்க்கிற வேர்வைக்கு மூடிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து நான் பட்டிருக்கிறேன். தொடையில் புடைப்பு இருந்து டாக்டர் தொடை வரை போடச் சொன்னால் அதைப் போடுங்கள். பெருசு நல்லது என்று அம்மா சொன்னதற்காகப் போடாதீர்கள்.

அளவைக் காலையில் எழுந்ததும் எடுக்க வேண்டும், வீக்கம் ஏறுவதற்கு முன்னால். கணுக்காலில் மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. செருப்பு அளவைக் கேட்டுத் தருகிற கடையிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். மாட்டுவதற்கு முன் கொலுசையும் மெட்டியையும் கழற்றுங்கள், கொக்கி மாட்டினால் இழை போயிற்று. மெட்டியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அதன்மேல் மெல்லிய துணி நாடா சுற்றிக்கொள்ளலாம். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் மேலே நீவிவிட வேண்டும். நகத்தால் இழுக்கக்கூடாது. நீளமாக இருக்கிறதென்று மேல் விளிம்பை மடித்துவிட்டால் அங்கே இரட்டை இறுக்கம். தேங்காய் எண்ணெய் ராத்திரி கழற்றிய பிறகுதான், எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் செத்துப்போகும். பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்துக்குள் எப்படியும் தளர்ந்துவிடும், வாங்கிய தேதியைப் பெட்டியில் எழுதி வையுங்கள்.

முதல் மூன்று நாள் பிடிக்காது. கால் சிறைப்பட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் நான்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் உடம்போடு ஒட்டிவிடும். என் மாணவிகள் அந்த இரண்டு வாரத்தைத்தான் தர மறுக்கிறார்கள். மூன்றாவது நாள் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த பொருளைத் தேடுகிறார்கள். நர்சிங் படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் இதையேதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள், அத்தை சொன்னார் என்று வந்து, முதல் செமஸ்டரில் அழுது, விட்டுப் போனவர்கள் எத்தனை பேர். உன் கால் எப்படிப்பட்டது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? எப்போது கனக்கிறது, எந்தப் பக்கம் வீங்குகிறது, எவ்வளவு இறுக்கம் தாங்கும் என்று ஒரு வாரம் கவனி. நோயாளியின் நாடியை அத்தனை பொறுமையாக எண்ணுகிறாயே, அதில் பாதிப் பொறுமையை உன் உடம்புக்குக் கொடு. டூட்டி நடுவில் நிற்கிற இடத்திலேயே இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கு. சாப்பாட்டு வேளையில் காலை ஸ்டூலில் தூக்கி வை.

ஸ்லீவ் போட்டிருந்தவளுக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஹாஸ்டலில் நானே இன்ச் டேப் வைத்து அளந்தேன். இடது கெண்டைக்கால் வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூட இருந்தது. சர்ஜிக்கல் கடைக்காரர் ஜோடியைப் பிரித்துத் தர முடியாது என்றார். மீடியத்தில் ஒரு ஜோடி, லார்ஜில் ஒரு ஜோடி வாங்கினோம். வலதுக்கு மீடியம், இடதுக்கு லார்ஜ். இப்போது ஒரு செட் காலில், ஒரு செட் கொடியில்.